தண்ணீர் குடிக்காத கயிறு

“இன்னா அண்ணாச்சி இது, பாம்புச் சட்டையாட்டம் வெள்ள வெளேர்னு கீது?” என்று கேட்டபடியேதான் கன்னியம்மா அன்று மீன் கூடையை இறக்கினாள்.

“தொட்டுராத. கப்பல் சரக்கு. ஒன் கை மீன் கை,” என்றார் கயிற்றுக்கடை ராசையா.

“மீன் கையாமே! உன் வூட்டுல கொயம்பு கொதிக்கறது இந்தக் கையாலதான், தெரிமா?”

ஸ்டூலில் உட்கார்ந்திருந்த ஆசீர்வாதம் சிரித்துவிட்டார். அவர் கப்பல் ஏஜெண்டு ஆபீசில் குமாஸ்தா. அந்த வெள்ளைக் கயிற்றுச் சுருளைத் துறைமுகத்திலிருந்து கொண்டுவந்து போட்டவர் அவர்தான். சீமைக் கப்பல் ஒன்றின் ஸ்டோரில் மிஞ்சிய சரக்கு. அது என்ன கயிறு என்று ராசையாவுக்குப் புரியவில்லை. “ஏ ஜெயா, இங்கன வா. இதுல ஒட்டியிருக்க சீட்ட வாசி,” என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

அவருடைய மகள் ஜெயக்கொடி வந்தாள். கான்வென்டில் படிப்பை முடித்துவிட்டு, கடைக்கு வரும் இங்கிலீஷ் காகிதங்களைப் பார்த்துக்கொண்டிருந்த பெண். அதிகம் பேசமாட்டாள்.

“டெரிலின்னு கம்பெனி வச்ச பேரு. பாலியஸ்டர் நூல்ல முறுக்கினதுன்னு போட்டிருக்குப்பா.”

“அது எந்தச் செடில வெளையுது?” என்றாள் கன்னியம்மா.

“செடி இல்லக்கா. மண்ணுக்குள்ள இருந்து எடுக்கிற எண்ணெயக் காய்ச்சிச் செய்யறாங்க.”

“கிருஷ்ணாயில்லயா கயிறு திரிக்கிறானுங்க! சரி, மேல படி. வேற இன்னா எயுதிகீது?”

“அழுகாது. பூஞ்சை பிடிக்காது. உப்பு அரிக்காது. தேங்காய்நார்க் கயித்தவிடப் பல மடங்கு பாரம் தாங்கும். தண்ணி குடிக்காது.”

“தண்ணியே குடிக்காதா? எங்க குப்பத்து ஆம்பளைங்களாண்ட இத்தக் கொண்டுபோய்க் காட்டணும்!”

எல்லாரும் சிரித்தார்கள். அதிகம் பேசாத ஜெயக்கொடிகூடச் சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் கன்னியம்மா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு கயிற்றைத் தொட்டாள். நாராய்க் குத்தவில்லை. பட்டுத்துணியைத் தொட்டதுபோல் இருந்தது.

“அண்ணாச்சி, இதுல ஒரு துண்டு எங்க வூட்டுக்காரருக்குக் குடேன். மரம் கட்டறதுக்கு.”

“ஒனக்கு என்னத்துக்கு? அவன் தேங்காநாரு கேட்டுல்லா அனுப்புவான்.”

“அவுரு கேப்பாரு. நான் கேக்கறேன்.”

ராசையா கொஞ்சம் யோசித்தார். யோசிக்கும்போதே அவர் கண்ணில் வியாபாரம் தெரிந்தது. “சரி, கொண்டுபோ. கெட்டிப் பாத்துட்டு எப்படி இருக்குன்னு வந்து சொல்லு. நல்லாருந்தா குப்பம் பூரா இதத்தான் விப்பேன்.”

இவ்வளவுதான் பேச்சு. ஐம்பத்தேழாம் வருஷத்துப் புரட்டாசி மாதம், ராயபுரத்தில் வெயில் கொளுத்திய ஒரு காலை நேரம். பிற்காலத்தில் கன்னியம்மா இந்தப் பேச்சை வரிசை மாறாமல் சொல்வாள். யார் என்ன சொன்னார்கள், அதற்கு யார் என்ன பதில் சொன்னார்கள், எந்த இடத்தில் சிரித்தார்கள் என்று ஒன்றையும் விடமாட்டாள். எங்காவது ஓர் இடத்தில் யாராவது ஒருவர் “வேண்டாம்” என்று சொல்லியிருக்கக் கூடாதா என்று தேடுவதுபோல இருக்கும் அது. ஒருவரும் சொல்லவில்லை. சொல்வதற்கு ஒருவருக்கும் தெரியாது.

கன்னியம்மா பிறந்தது எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டிய முகத்துவாரக்குப்பத்தில். வாழ்க்கைப்பட்டது ராயபுரத்துக் குப்பத்தில், தண்டபாணிக்கு. பெண் பார்க்க வந்த அன்றே அவன் கையைத்தான் அவள் முதலில் பார்த்தாளாம். அகலமான கை, உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு. “மூஞ்சியப் பாத்தியாடி?” என்று தோழிகள் கேட்டதற்கு, “மூஞ்சி எங்க போவுது, அப்பறம் பாத்துக்கலாம்” என்றாளாம்.

அந்தக் கைக்குக் குப்பத்தில் பேர் இருந்தது. கட்டுமரம் என்பது தனித்தனி மரங்களைக் கயிற்றால் சேர்த்துக் கட்டியது. ஒவ்வொரு நாளும் விடியலில் முன்னால் ஒரு கட்டு, பின்னால் ஒரு கட்டு போட்டுக் கடலில் தள்ளுவார்கள். திரும்பி வந்ததும் அவிழ்த்து, மரங்களை மணலில் தனித்தனியாகக் காயப்போடுவார்கள். கட்டு எப்படியோ அப்படித்தான் மரத்தில் இருப்பவனுடைய உயிர். தண்டபாணி போட்ட கட்டு அலையில் அவிழ்ந்ததாக ஒருவரும் சொன்னதில்லை. புதிதாக மரம் வாங்கியவர்கள் முதல் கட்டுக்கு அவனைத்தான் கூப்பிடுவார்கள். அவனும் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு போய், ஒரு வார்த்தை பேசாமல் கட்டிக் கொடுத்துவிட்டு வருவான்.

ஆனால் அந்தக் கை வீட்டுக்கு வரும்போது எப்படி இருக்கும் என்பது கன்னியம்மாவுக்குத்தான் தெரியும். தேங்காய்நார்க் கயிறு சும்மா விடாது. இழுத்து இறுக்கும்போது தோலைச் சீவும். சீவிய இடத்தில் உப்புத்தண்ணீர் படும். சாப்பிடும்போது குழம்புக் காரம் பட்டு, சோற்றைப் பிசைய முடியாமல் சில நாள் அவன் கையை உதறுவான். அவள் பிசைந்து உருட்டிக் கொடுப்பாள். “கொயந்தையாயிட்டேன்” என்று அவன் சிரிப்பான். அவளுக்குச் சிரிப்பு வராது. கயிறும் நிலைக்காது. ஒரு மழைக்காலம் போனால் உள்ளுக்குள் மக்கி, பிய்த்தால் தூளாக உதிரும்.

அதனால்தான் அந்த வெள்ளைக் கயிற்றைக் கேட்டாள்.

மறுநாள் விடியலில் அவளும் கரைக்குப் போனாள். தண்டபாணி வழக்கப்படி கயிற்றை முதலில் கடல் தண்ணீரில் முக்கி வைத்தான். எந்தக் கயிறானாலும் அப்படித்தான் செய்வான். அவன் அப்பன் செய்தது, அப்பனுக்கு அப்பன் செய்தது. ஊறட்டும் என்று கொஞ்ச நேரம் விட்டு, எடுத்துக் கட்டத் தொடங்கினான். அவன் தம்பி தேசப்பன் மறுபக்கம் மரங்களைச் சேர்த்துப் பிடித்திருந்தான். தேசப்பனுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவன் பெண்டாட்டி நீலா கஞ்சித் தூக்கோடு பக்கத்தில் நின்றாள்.

தண்டபாணி ஒரு சுற்றுப் போட்டு இழுத்தான். நிறுத்தினான். அவிழ்த்து மறுபடி போட்டான்.

“இன்னாய்யா?” என்றாள் கன்னியம்மா.

“புடி கெடைக்கல. வயுக்குது.”

“கயிறு வயுக்குதா, கை வயுக்குதா? வயசாயிட்சின்னு சொல்லு. கட்டுப் போட மறந்துபூட்டியா?”

தேசப்பன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். “அண்ணிகிட்ட மாட்டிக்கினியா அண்ணா! குடு, நான் கட்றேன்.”

“நீயா? உன் கோமணத்தயே உன் பொண்டாட்டிதான் கட்டி வுடறா,” என்றாள் கன்னியம்மா. நீலா வெட்கத்தில் திரும்பிக்கொண்டாள். அக்கம்பக்கத்து மரத்துக்காரர்களும் சிரித்தார்கள். தண்டபாணி மட்டும் சிரிக்கவில்லை. முகம் இறுகியது. எப்போதும் போடுவதைவிட ஒரு சுற்று கூடப் போட்டு, காலால் மரத்தை உதைத்துக்கொண்டு இழுத்துக் கட்டினான். பிறகு அந்தக் கயிற்றைப் பற்றி அவன் வாய் திறக்கவே இல்லை.

புரட்டாசிக் கடல் குளம்போலக் கிடந்தது. மரம் போனது, வந்தது. கயிறு கட்டும்போது எப்படியோ அவிழ்க்கும்போதும் அப்படியே வெளுப்பாக இருந்தது. உதறினால் போதும், காய்ந்துவிடும். பக்கத்துக் குப்பத்திலிருந்துகூட வந்து பார்த்தார்கள். தண்டபாணியின் உள்ளங்கையில் புண் ஆறத் தொடங்கியது. ஒருநாள் அவன் தானே சோற்றைப் பிசைந்து, காரக் குழம்பை ஊற்றி அள்ளிச் சாப்பிடுவதைக் கதவோரத்தில் நின்று கன்னியம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். மறுநாள் வவ்வால் மீனில் நல்லதாகப் பொறுக்கி ராசையா வீட்டுக்குக் கொடுத்தாள். “ஷோக்கா கீது அண்ணாச்சி உன் கயிறு” என்று சொல்லிவிட்டும் வந்தாள்.

ஐப்பசி பிறந்தது. வாடைக் காற்று அன்று காலையில் இல்லை. மரங்கள் ஆழத்துக்குப் போன பிறகுதான் திடீரென்று எழுந்தது. பெண்கள் கரையில் கூடினார்கள். ஒவ்வொரு மரமாக அலையில் ஏறி இறங்கி வந்து சேர்ந்தது. தண்டபாணியின் மரம் வரவில்லை. கடைசியாக வந்த மரத்தின் மேல், இரண்டு பேர் கால் பக்கமும் தலைப்பக்கமும் பிடித்துக்கொள்ள, தண்டபாணி குப்புறக் கிடந்தான். ஒற்றை மரத்துண்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மிதந்தவனைத் தூக்கி வந்திருந்தார்கள்.

“தேசப்பன்?” என்று நீலா கேட்டாள். தூக்கி வந்தவர்கள் கடலைத் திரும்பிப் பார்த்தார்கள்.

தேசப்பனின் உடலை முகத்துவாரக்குப்பத்தில் கடல் ஒதுக்கியது. கன்னியம்மாவின் சொந்தத் தாய்மாமன் மகன்தான் முதலில் பார்த்து ஆளனுப்பினான். மாட்டு வண்டியில் கொண்டுவந்து மூலக்கொத்தளத்தில் புதைத்தார்கள். மறுநாள் பிரிந்த மரம் ஒன்றும் கரைக்கு வந்தது. அதில் அந்த வெள்ளைக் கயிறு ஒரு நூல் பிரியாமல், ஒரு கறை இல்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

குப்பத்துப் பெரியவர்கள் அந்தக் கயிற்றை எடுத்துப் பார்த்தார்கள். புதுக் கயிறு என்பதால் அதன் மேல்தான் அவர்களுக்கு முதல் சந்தேகம். இரண்டு பக்கமும் ஆள் நிறுத்தி இழுக்கச் சொன்னார்கள். அறவில்லை. இன்னும் ஆள் சேர்த்து இழுத்தார்கள். இழுத்தவர்கள் மணலில் விழுந்தார்களே தவிரக் கயிறு அறவில்லை. மரம் கட்டுகிறவர்கள் கயிற்றுக்கு வைக்கும் சோதனை அது ஒன்றுதான். அறுந்தால் கயிற்றின் மேல் குற்றம். அறாமல் அவிழ்ந்தால் கட்டியவன் மேல் குற்றம். தலைமுறை தலைமுறையாக அவர்களுக்குத் தெரிந்த கயிறு எல்லாம் ஒரே மாதிரிதான். அந்தச் சோதனை தப்பாகப் போனதும் இல்லை.

“நீ இன்னா சொல்ற தண்டபாணி?”

கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த தண்டபாணி நிமிரவில்லை. “கயிறு அறல. கட்டு அவுந்துச்சு. கட்டு என்னுது,” என்றான்.

பெண்கள் பக்கத்தில் கன்னியம்மா நின்றிருந்தாள். அவள் தோளில் நீலாவின் தோள் சாய்ந்திருந்தது. வழுக்குது என்று முதல் நாளே சொன்னாரே, நான்தானே சிரித்தேன் என்று வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொன்னால் அந்தத் தோள் விலகிவிடும். தேசப்பனைக் கொன்றது தான் வாங்கி வந்த கயிறு என்று ஆகிவிடும். இன்னொன்றும் உண்டு. பெரியவர்கள் கயிற்றின் மேல் குற்றம் இல்லை என்று சொன்னபோது அவளுக்குள் ஒரு நிம்மதி வந்தது. புருஷன் தலையில் பழி விழுந்த அதே நிமிஷத்தில் வந்த நிம்மதி அது. அதை நினைத்துத்தான் பின்னால் அவள் அதிகமாக அழுதாள்.

வாயை மூடிக்கொண்டாள்.

நீலா சண்டை போடவில்லை. “பெரிய கட்டுக்காரன் பெரிய கட்டுக்காரன்னு சொன்னீங்களே” என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். அதற்குப் பிறகு ஒரே கூரைக்குக் கீழே தனி அடுப்பு மூட்டிக்கொண்டாள்.

தண்டபாணி கட்டிய மரத்தில் யாரும் ஏறவில்லை. அவனும் யாரையும் கூப்பிடவில்லை. துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போனான். கடலுக்கு முதுகைக் காட்டி நிற்கிற மாதிரி வேலையைத் தேடிப் பார்த்துச் செய்வான் என்று கூட வேலை செய்தவர்கள் சொன்னார்கள். ஆனால் கை சும்மா இருக்காது. வீட்டு ஆட்டைக் கட்டினால், கட்டிவிட்டு இழுத்துப் பார்ப்பான். உள்ளே போவான், திரும்ப வந்து இழுத்துப் பார்ப்பான். கூரைக் கழிக்குப் போட்ட கட்டு, கூடையின் தும்பு, அவள் சேலைத் தலைப்பில் சில்லறை முடிந்திருந்த முடிச்சு, எதைக் கண்டாலும் விரல் போகும், இழுத்துப் பார்க்கும். தன் கையையே நம்பாத ஒருவனோடு ஒரே வீட்டில் இருப்பது எப்படி இருக்கும் என்று கன்னியம்மாவைக் கேட்டால், “ஒடம்பு சரியில்லாத கொயந்தைய வச்சிக்கினு கீற மாரி” என்பாள்.

அடுத்த ஐப்பசியில் ஒருநாள் நல்ல மழை. கன்னியம்மா ராசையா கடை ஓரத்தில் ஒதுங்கி நின்றாள். தெப்பமாக நனைந்துகொண்டு குமாஸ்தா ஆசீர்வாதம் ஓடி வந்தார். புதிதாக ஒரு வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்.

“புதுச் சட்ட பாழாயிட்சே ஐயரே,” என்றாள் அவள். ஆசீர்வாதம் வேதக்காரர், கிறிஸ்தவர். ஆனாலும் அவரைச் சீண்ட அவள் எப்போதும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

“பாழாவறதா? இது டெரிலின் சட்டை. கப்பல்ல வந்தது. இப்ப பாரு,” என்று அவர் சட்டையைப் பிடித்து உதறினார். “ஆபீசுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள காஞ்சிடும். தண்ணியே குடிக்காது.”

துணியின் மேல் மழைத்துளிகள் முத்து முத்தாக நின்று, உருண்டு, கீழே விழுந்தன. கன்னியம்மா அதையே பார்த்தாள். பிறகு உள்ளே போனாள்.

“பாப்பா, உங்கப்பா அந்த வெள்ளக் கயித்துல ஒரு துண்டு வச்சினுகீறாரா?”

ஜெயக்கொடி எடுத்துக் கொடுத்தாள். கன்னியம்மா ஒரு முழம் தேங்காய்நார்க் கயிற்றையும் கேட்டு வாங்கினாள். இரண்டையும் கடை வாளித் தண்ணீரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே குந்திக்கொண்டாள். கடைசியில் எடுத்தபோது நார்க்கயிறு ஊறிப் பருத்து, கனத்து, முரட்டுத்தனமாக முறுக்கேறி இருந்தது. வெள்ளைக் கயிறு போட்டபோது இருந்தபடியே இருந்தது.

கன்னியம்மா நார்க்கயிற்றைத் தன் மணிக்கட்டில் சுற்றி இறுக்கினாள். “இது தண்ணி குடிச்சு வீங்கும் பாப்பா. வீங்கி மரத்தக் கவ்விக்கும். அலை அடிக்க அடிக்க இன்னும் இறுகும். அதுக்குத்தான் முக்கறதே.” பிறகு வெள்ளைக் கயிற்றைச் சுற்றினாள். “இத்த முக்கினாலும் ஒண்ணுதான், முக்காட்டியும் ஒண்ணுதான். எவன் கட்டினாலும் அலையில நிக்காது. எங்க வூட்டுக்காரரு சொன்னாரே.”

கயிற்றுச் சீட்டில் இருந்த ‘தண்ணி குடிக்காது’ என்ற அந்த வரிக்குத்தான் அன்று எல்லாரும் சிரித்தார்கள். ஜெயக்கொடி கயிற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

அன்று சாயங்காலமே கன்னியம்மா புருஷனிடம் சொல்லப் பார்த்தாள். வெள்ளைக் கயிற்றுத் துண்டையும் கொண்டுபோயிருந்தாள். அவன் ஆட்டுக் கயிற்றை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“யோவ், அது உன் கை இல்லய்யா. அந்தக் கயிறு ஊறாது. அதான் வயுக்கிச்சு. நீ அன்னிக்கே சொன்ன.”

“இப்ப இன்னாத்துக்கு அது?”

“நான்தான் சிரிச்சேன். நாலு பேரு எதிர்ல உன்ன நக்கல் பண்ணேன். அந்த ரோசத்துலதான் நீ…”

“சோத்தப் போடு மே,” என்றான் அவன்.

அவள் கயிற்றை அவன் கையில் வைக்கப் போனாள். பழுக்கக் காய்ந்த இரும்பைக் கண்டவன்போல அவன் கையை இழுத்துக்கொண்டான். தடுப்புக்கு அந்தப் பக்கம் நீலா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். கேட்டாளோ என்னவோ, ஊதுவதை நிறுத்தவில்லை.

அதற்கப்புறம் குப்பத்தாரிடமும் இரண்டொரு தரம் சொல்லிப் பார்த்தாள். பெண்டாட்டி, புருஷனுக்குப் பரிந்துகொண்டு பேசுகிறாள் என்றுதான் குப்பத்தில் எடுத்துக்கொண்டார்கள். அவள் கொண்டு வந்த கயிறு என்று தெரிந்தவர்கள், “இத்தினி நாள் வாயில இன்னா வச்சினு இருந்த?” என்று கேட்டார்கள். தண்டபாணி ஆட்டுக் கயிற்றை இழுத்துப் பார்ப்பதும் நிற்கவில்லை.

ஐம்பத்தொன்பதாம் வருஷம் பொங்கல் கழிந்து, ஜெயக்கொடிக்குத் தூத்துக்குடியில் மாப்பிள்ளை முடிவாகியிருந்தது. கடையில் அவள் மூட்டை கட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், கூடை இல்லாமல், தலை வாரி, துவைத்த சேலை உடுத்திக்கொண்டு கன்னியம்மா வந்தாள். கூடை இல்லாத கன்னியம்மாவை ஜெயக்கொடி அதுவரை பார்த்ததே இல்லை.

“என்னக்கா, விசேஷமா?”

“நீ ஊருக்குப் பூடுவியாமே.”

“ஆமாக்கா. மாசி பிறந்ததும் கல்யாணம்.”

“நல்லா இரு கண்ணு.” கன்னியம்மா கிட்டே வந்தாள். “போறதுக்குள்ள ஒரு தபா எங்க குப்பத்துக்கு வரியா? உங்கப்பாவாண்ட நான் கேட்டுக்கறேன். நான் சொன்னா பொண்டாட்டி சொல்றான்னு பூட்டுது. நீ இங்கிலீசு படிச்ச பொண்ணு. அந்தச் சீட்ட வாசிச்சவ. பெரியவங்க நாலு பேரு இருக்கசொல்ல வந்து சொல்லு, நீலா இருக்கசொல்ல சொல்லு. இந்தக் கயிறு தண்ணி குடிக்காது, ஊறாது, எப்பேர்ப்பட்டவன் கட்டினாலும் அவுந்துதான் போவும், அவுரு கை தப்புப் பண்ணலன்னு சொல்லு. அவுரு காதுல வுயற மாரி சத்தமா சொல்லு.”

சொல்லிவிட்டுப் படியிறங்கப் போனவள் திரும்பினாள்.

“அப்பறம் ஒண்ணு பாப்பா. மொத நாளே வயுக்குதுன்னு அவுரு சொன்னாரு, இந்தக் கன்னியம்மாதான் சிரிச்சான்னும் சொல்லிடு. எனக்கு அங்க நின்னா வாய் வராது. அத்த மட்டும் வுட்டுடாத.”